பச்சை குத்திய உடலும் ஒரு நாட்குறிப்பும்

டேவிட் குரோனன்பேர்க் இயக்கிய 'ஈஸ்டேர்ன் புரொமிசஸ்' 2007 இல் வெளிவந்தது. லண்டனில் காலூன்றிவிட்ட ரஷ்ய மாஃபியாக் குடும்பமொன்றின் கதை. அவ்வாண்டு ரொரன்ரோ திரைப்பட விழாவில் பார்வையாளர் விருது அதற்குத்தான். குற்றப்படம் விரும்புகிறவர்கள் ஒருவருக்கொருவர் சொல்லிப் பார்க்கவைக்கும் படங்களில் அது இன்றும் ஒன்று. அதைப் பற்றிய பேச்சு எங்கே தொடங்கினாலும் மூன்று இடங்களில் வந்து நிற்கும். முதலாவது நீராவிக் குளியல் மண்டபச் சண்டை. உடம்பில் துணியில்லாத ஒருவன், வளைந்த கத்தியோடு வரும் இருவரை வெறுங்கையால் எதிர்கொள்கிறான். படம் முழுவதிலும் துப்பாக்கியே கிடையாது என்பதால் அந்தச் சண்டையின் ஒவ்வொரு வெட்டும் பார்ப்பவர் தோலில் விழுகிறது. அமெரிக்க விமர்சகர் ரோஜர் ஈபர்ட், இனிவரும் சண்டைக் காட்சிகளுக்கு இதுவே அளவுகோல் என்ற பொருளில் எழுதினார். இரண்டாவது பச்சை குத்தல். ரஷ்யச் சிறைகளில் ஒருவனின் தண்டனை, பதவி, அவமானம் எல்லாம் தோலில் எழுதப்படும் வழக்கத்தைப் படம் துல்லியமாகக் காட்டுகிறது என்பார்கள். மூன்றாவது உச்சரிப்பு. முதன்மை வேடங்களில் டேனிய வேருடைய அமெரிக்கரும் பிரெஞ்சுக்காரரும் ஜேர்மானியரும் நடித்திருக்க, இது எப்படி ரஷ்யப் படமாகும் என்று ரஷ்ய மொழி அறிந்தவர்கள் குறைப்பட்டார்கள்.

இந்த மூன்றிலும் வராத ஒருத்தி இருக்கிறாள். படத்தின் தொடக்கத்திலேயே மருந்துக் கடையொன்றில் இரத்தப்போக்கோடு சரிந்து விழுகிறாள். வயது பதினான்கு. பெயர் தத்தியானா. வைத்தியசாலையில் குழந்தையைப் பெற்றுவிட்டு இறந்துபோகிறாள். மிஞ்சுவது ரஷ்ய மொழியில் எழுதிய ஒரு நாட்குறிப்பு. பிரசவம் பார்த்த தாதி அதை மொழிபெயர்க்கத் தேடிப் போவதால்தான் கதையே நகர்கிறது. மாஃபியாத் தலைவன் அஞ்சுவதும் அந்த நாட்குறிப்புக்குத்தான். அவளைக் கெடுத்தவன் அவன் என்பதை அது சொல்லிவிடும். நல்ல வாழ்க்கை கிடைக்கும் என்ற பேச்சை நம்பி ஊரை விட்டுப் புறப்பட்டு, லண்டனில் அடைத்துவைக்கப்பட்டு, ஊசிபோட்டு அடக்கப்பட்ட ஒரு சிறுமி படம் நெடுகத் தன் குரலில் பேசிக்கொண்டே இருக்கிறாள். இறுதிக் காட்சியில் ஒலிப்பதும் அவள் குரலே. இயக்குநர் அவளை மறக்கவில்லை. மறந்தது பார்வையாளர் பேச்சு.

இதைத் தற்செயலாக நேர்ந்த கவனப்பிசகு என்று ஒதுக்க முடியாது. குற்றப்படத்தைப் பார்த்துவிட்டு நாம் கேட்கும் முதற்கேள்வி, இது உண்மையாக இருக்கிறதா என்பது. அந்தக் கேள்வியை யாரைப் பார்த்துக் கேட்கிறோம் என்பதில்தான் கோணல் இருக்கிறது. கத்தி பிடித்தவனைப் பார்த்து மட்டுமே கேட்கிறோம். பச்சை சரியா, நடை சரியா, குடிக்கும் முறை சரியா? நடிகர்களும் அதற்கேற்பவே உழைக்கிறார்கள். ரஷ்யச் சிறைப் பச்சைகளைப் பற்றி அலிக்ஸ் லம்பேர்ட் எடுத்த 'த மார்க் ஒஃப் கெய்ன்' என்ற ஆவணப்படத்தை நாயகனாக நடித்த மோர்ட்டென்சன் ஆழ்ந்து பார்த்துத் தன் உடலை அமைத்துக்கொண்டார். அந்த உழைப்பு மதிக்கத்தக்கது. ஆனால் கடத்தப்பட்டவளைப் பற்றி அதே கேள்வியை யாரும் கேட்பதில்லை. கடவுச்சீட்டை அவளிடமிருந்து யார் பறித்தார்கள், எந்த எல்லையில் எப்படிக் கடத்தினார்கள், கடன் என்று சொல்லி எவ்வளவு பணத்தை அவள் தலையில் கட்டினார்கள், ஊரில் இருப்பவர்களுக்கு என்ன பொய் சொன்னார்கள்? இவையும் சரிபார்க்கக்கூடிய உண்மைகள்தான். மாஃபியா என்பது ஒரு தொழில் என்றால் அதன் கணக்குப் புத்தகம் இங்கேதான் இருக்கிறது.

கொலைகாரனின் பக்கமாகவே நின்று பார்ப்பது எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்கு ரஷ்யாவிலேயே சான்று உண்டு. அலெக்ஸி பலபானோவ் 1997 இல் எடுத்த 'பிராத்' (சகோதரன்) படத்தின் நாயகன் டனிலா, இராணுவத்திலிருந்து திரும்பி சென் பீற்றர்ஸ்பேர்க்கில் கூலிக்குக் கொலை செய்பவன். படம் அவனைக் கசப்போடுதான் காட்டுகிறது. பார்வையாளர்கள் அவனைத் தேசிய வீரனாக்கினார்கள். 2000 இல் வந்த இரண்டாம் பாகம் அந்த விருப்பத்துக்கே இடங்கொடுத்தது. 2022 இல் உக்ரைன் மீது போர் தொடங்கியபோது அப்படத்தின் வசனமொன்று போர்ப் பிரசாரத்தில் எடுத்தாளப்பட்டது. படமே போரை உண்டாக்கியது என்று யாரும் சொல்ல வரவில்லை. அடிபட்டவர்களை ஒரு தலைமுறை கணக்கிலெடுக்காமல் படம் பார்த்துப் பழகியபோது, அந்தப் பழக்கம் திரையரங்கோடு நின்றுவிடவில்லை என்பதே நம் கவலை.

இந்தக் கவலையை ஒரு கொழும்புத் தமிழ் இதழ் ஏன் சுமக்க வேண்டும்? நம்மவர் ரஷ்யாவை அறிந்தது குற்றப்படங்களால் அல்ல, காசு வாங்கிக்கொண்டு ஆட்களை வெளிநாட்டுக்கு அனுப்பும் ஏஜென்சியால். எண்பதுகளில் ஏரோஃபுளொட் விமானத்தில் மொஸ்கோ வழியாகக் கிழக்கு பேர்லினில் இறங்கி, அங்கிருந்து நகர ரயிலில் மேற்கு பேர்லினுக்குள் போனார்கள். 1985 இல் அந்த வழி இறுக்கப்பட்டது. தொண்ணூறுகளில் மொஸ்கோவும் உக்ரைனும் தங்கிப்போகும் இடங்களாயின. ஏஜென்சிக்காரன் கடவுச்சீட்டை வாங்கி வைத்துக்கொண்டு, மிச்சக் காசு ஊரிலிருந்து வரும்வரை ஆட்களை ஒரே அறையில் பூட்டிவைத்த கதைகள் ஏராளம். அந்தப் பயணங்களின் முதல் காத்திருப்பு அறை நம்முடைய நகரந்தான். வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் புறக்கோட்டையிலும் இருந்த லொட்ஜுகளில், இன்றைக்கு அழைப்பு வரும் நாளைக்கு வரும் என்று பெட்டியோடு கிடந்தவர்கள் எத்தனையோ பேர். 2007 ஜூன் 7 அதிகாலையில் கொழும்பு லொட்ஜுகளிலிருந்து 376 தமிழர்கள் பஸ்களில் ஏற்றப்பட்டு வடக்கு, கிழக்கு நோக்கி அனுப்பப்பட்டார்கள். மறுநாள் உயர் நீதிமன்றம் தடையுத்தரவு பிறப்பித்தது. அதே ஆண்டு செப்டெம்பரில்தான் குரோனன்பேர்க்கின் படம் வெளிவந்தது. ஐரோப்பாவுக்கென்று புறப்பட்ட நம் வடக்கு இளைஞர்கள் சிலர் ரஷ்ய இராணுவத்தில் சிக்கவைக்கப்பட்ட செய்திகள் அண்மைக்காலத்தவை. தத்தியானாவின் நாட்குறிப்பை உலகில் வேறெவரையும்விடச் சரியாக வாசிக்கக்கூடியவர்கள் நம்மவர்கள். அவர்களும் குளியல் மண்டபச் சண்டையோடு நின்றுவிடுவது பெரிய இழப்பு.

நம் நகரத்துக் குற்றங்களையும் நாம் இப்படியே பார்க்கப் பழகிவிட்டோம். 2025 பெப்ரவரி 19 அன்று புதுக்கடை நீதவான் நீதிமன்றத்துக்குள், சட்டத்தரணி வேடத்தில் வந்த ஒருவன் விசாரணைக்குக் கொண்டுவரப்பட்ட பாதாள உலகத் தலைவரைச் சுட்டுக் கொன்றான். துப்பாக்கி குடையப்பட்ட புத்தகமொன்றுக்குள் வைத்துக் கொண்டுவரப்பட்டது. 'சினிமா பாணியில்' என்ற சொல் எல்லோர் வாயிலும் வந்தது. இரண்டு நாள் கழித்துக் கொட்டாஞ்சேனையில் ஒருவர் சுடப்பட்டு இறந்தார். சந்தேகத்தில் பிடிபட்ட இருவர் பொலிஸ் காவலில் இருக்கையிலேயே சுட்டுக்கொல்லப்பட்டார்கள். அதையும் படம் பார்ப்பது போலவே பேசி முடித்தோம். ஆனால் இதே நகரத்தில் 2008, 2009 இல் பதினொரு இளைஞர்கள் கடத்தப்பட்டுக் காணாமலாக்கப்பட்டார்கள். தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் அவர்களில் இருந்தார்கள். குடும்பங்களிடம் கப்பம் கேட்கப்பட்டது. கடற்படையினர் மீதே குற்றஞ்சாட்டப்பட்டு வழக்கு நடந்தது. அதைப் பற்றிப் பேச யாருக்கும் 'சினிமா பாணி' என்ற சொல் தேவைப்படவில்லை. அங்கே காட்சியில்லை, காத்திருக்கும் தாய்மார் மட்டுமே இருக்கிறார்கள். காட்சி இல்லாத குற்றத்தைப் பற்றிப் பேசுவதற்கு நம்மிடம் சொல் குறைவாக இருக்கிறது.

கார்த்திக் சுப்பராஜின் 'ஜகமே தந்திரம்' 2021 ஜூனில் நெட்ஃபிளிக்ஸில் வந்தபோது நம்மவர் காட்டிய கோபத்தையும் இங்கே நினைக்க வேண்டும். லண்டனில் ஈழத்தமிழ் அகதிகளுக்காகத் தங்கமும் ஆயுதமும் கடத்தும் ஒரு தலைவன், அவனுக்கு எதிராகக் கொண்டுவரப்படும் மதுரை ரவுடி என்று போகும் கதை. நம்மைக் கடத்தல்காரர்களாகக் காட்டிவிட்டார்கள் என்பது ஒரு குறை. ஈழத்து உச்சரிப்பு பிசகிவிட்டது என்பது இன்னொன்று. இரண்டிலும் நியாயம் உண்டு. ஆனால் ரஷ்யர்கள் குரோனன்பேர்க்கிடம் சொன்ன குறையும் இதுவேதான்: எங்கள் பெயரைக் கெடுக்கிறாய், எங்கள் பேச்சைக் கொலை செய்கிறாய். பெயரைப் பற்றிய கவலை புரிகிறது. அதைவிட ஆழமான குறையொன்றைச் சொல்லியிருக்கலாம். அந்தப் படத்தில் அகதிகள் நாயகனின் மனமாற்றத்துக்குக் காரணமாக மட்டும் வருகிறார்கள். அவன் திருந்துவதற்காக அவர்கள் துயரம் சொல்கிறார்கள். சொல்லி முடித்ததும் துப்பாக்கிகள் பேசத் தொடங்கிவிடுகின்றன. நாம் கேட்க வேண்டியிருந்தது நம் உச்சரிப்பை அல்ல, நம் நாட்குறிப்பை.

இதற்கு மறுப்புகள் உண்டு. நாள் முழுக்க உழைத்துவிட்டு இரண்டு மணிநேரம் படம் பார்க்க உட்காருபவரிடம் மனித உரிமை அறிக்கையை நீட்டலாமா என்று கேட்கலாம். நீட்டக் கூடாதுதான். அந்தச் சண்டைக் காட்சி சிறந்த கலை. அதை ரசிப்பதில் குற்றமில்லை. நாம் பேசுவது பார்க்கும் இரண்டு மணிநேரத்தைப் பற்றியல்ல, பார்த்துவிட்டு நாம் சொல்லும் அபிப்பிராயத்தைப் பற்றி. ரசனை தன்னால் வருவது. அபிப்பிராயம் நாம் தெரிந்தெடுத்துச் சொல்வது. இன்னொரு மறுப்பு இதைவிட வலுவானது. பாதிக்கப்பட்டவரை நடுவில் வைத்து எடுத்த படத்தை யார் பார்க்கிறார்கள்? லூக்காஸ் மூடிசன் 2002 இல் எடுத்த 'லில்யா ஃபோர் எவர்' முன்னாள் சோவியத் நாடொன்றிலிருந்து சுவீடனுக்குக் கடத்தப்பட்ட சிறுமியின் கதை. முழுக்க அவள் பக்கத்திலிருந்தே சொல்லப்பட்டது. உண்மைச் சம்பவமொன்றிலிருந்து பிறந்தது. அதை ஒரு தடவை பார்த்தவர் மறுதடவை பார்க்கத் துணிவது அரிது. குற்றப்படத்தின் விறுவிறுப்பு இல்லாமல் இந்தக் கதை பெருங்கூட்டத்தைச் சென்றடையாது என்பது உண்மை. அதனாலேயே குரோனன்பேர்க் செய்தது முக்கியமானதாகிறது. கத்திச் சண்டைக்காக வந்த கூட்டத்தின் காதில் அவர் அந்தச் சிறுமியின் குரலைப் போட்டார். அவர் அனுப்பிய கடிதத்தை வாங்கிப் பிரிக்காமல் உறையின் அழகைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறோம்.

நம்மிடம் எழுதப்படாத ஒரு படக்கதை இருக்கிறது. 1996 டிசம்பர் 25 இரவு மோல்டாவுக்கும் சிசிலிக்கும் நடுவே, ஒரு சிறு படகு மூழ்கியது. ஆட்கடத்தல்காரர்கள் பெரிய கப்பலிலிருந்து அதற்கு மாற்றிய இந்தியரும் பாகிஸ்தானியரும் இலங்கைத் தமிழருமாக ஏறத்தாழ 283 பேர் இறந்தார்கள். தப்பியவர்கள் சொன்னதை அதிகாரிகள் நம்பவில்லை. போர்ட்டோபாலோ என்ற சிற்றூரின் மீனவர் வலைகளில் உடல்கள் வந்துகொண்டிருந்தன. அவர்கள் அவற்றைப் பேசாமல் கடலிலேயே திருப்பிப் போட்டார்கள். பின்னர் ஒரு மீனவரின் வலையில் வந்த துணியொன்றில் பதினேழு வயது யாழ்ப்பாண இளைஞனின் அடையாள அட்டை இருந்தது. அவர் அதை ஒரு பத்திரிகையாளரிடம் கொடுத்தார். 2001 இல் கடலடியில் படகு கண்டுபிடிக்கப்பட்டது. இத்தாலியர்கள் அதை நாடகமாக்கினார்கள்; 2017 இல் ராய் தொலைக்காட்சி தொடராகவும் எடுத்தது. தொடரின் நாயகன் அந்த மீனவர். அட்டையில் இருந்த முகத்துக்கு ஊர் எது, வீட்டில் யார், ஏஜென்சிக்குக் கட்டிய காசு எந்தக் காணியை ஈடுவைத்து வந்தது, கொழும்பில் எந்த வீதி லொட்ஜில் அவன் கடைசியாகத் தங்கினான் என்பதெல்லாம் தமிழில்தான் எழுதப்பட முடியும்.