சிறு கணக்குக்குச் சோதனை, பெருங்கடனுக்குச் சலாம்!

சொந்தப் பணத்தை எடுக்கப் போகிறவரைப் பார்த்து, "நீ யார்?" என்று பாங்கு கேட்கிறது. கேட்கட்டும், அது தவறல்ல. ஆயிரக்கணக்கானவர்களின் பணத்தைப் பாதுகாக்கும் ஸ்தாபனம், யாருடைய பணம் யார் கைக்குப் போகிறது என்று பார்க்கத்தான் வேண்டும். ஆனால், பதில் சொன்னவரிடமே அந்தக் கேள்வியைத் திரும்பத் திரும்பக் கேட்டு, கணக்கை முடக்கி, வாரக் கூலியைக்கூட எடுக்க முடியாமல் ஓர் உழைப்பாளியை நாள் கணக்கில் அலையவிட்டால், அதற்குப் பாதுகாப்பு என்றா பெயர்?

கொங்கு நாட்டில் பாங்குகளைப் பற்றி எழும் முறையீடுகளில் முக்கியமானவை இரண்டு. அடையாளப் பத்திரங்களைப் புதுப்பிக்கவில்லை என்று கணக்கு முடக்கப்படுவது ஒன்று. நாணயமாக வரவு செலவு நடத்தும் சிறு தொழிலுக்கு ஓவர்டிராப்ட் மறுக்கப்படுவது மற்றொன்று. இரண்டும் வேறு வேறு விவகாரங்கள் என்று தோன்றலாம். உண்மையில் இரண்டுக்கும் வேர் ஒன்றுதான். சிறியவரைச் சந்தேகி, பெரியவரை நம்பு என்பதே அந்த வேர்.

யார் இந்தச் சிறியவர்கள்?

கணபதியிலும் சிங்காநல்லூரிலும் குறிச்சியிலும் ஒரு லேத், இரண்டு டிரில்லிங் மெஷின் போட்டு, பம்புசெட்டுக்கும் மில் இயந்திரங்களுக்கும் உதிரி பாகம் கடைந்து கொடுக்கும் ஜாப் ஆர்டர் பட்டறைக்காரர்கள். சோமனூரிலும் பல்லடத்திலும் ஜவுளி உற்பத்தியாளரிடம் பாவு நூல் வாங்கி, மீட்டருக்கு இவ்வளவு என்று கூலிக்கு நெய்து கொடுக்கும் விசைத்தறிக்காரர்கள். திருப்பூர் பனியன் கம்பெனியில் தையல் மெஷின் ஓட்டும் பெண்கள். ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்து அதே கூரையின் கீழ் உழைக்கும் இளைஞர்கள். கரூரில் படுக்கை விரிப்பும் மேஜை விரிப்பும் நெய்கிறவர்கள்.

இவர்கள் போடும் சிறு சிறு தொகைகள் சேர்ந்துதான் பாங்கின் பெரிய பணமாகின்றன. இந்தப் பணத்தின் சொந்தக்காரர்கள் பாங்கு வாசலில் மனுதாரர்களாக நிற்கிறார்கள்.

விதி ஒன்று, நடப்பு வேறு

ரிசர்வ் பாங்கு 2016-ல் வெளியிட்ட உத்தரவின்படி, சாதாரணக் கணக்குதாரரின் விவரங்களை 10 ஆண்டுக்கு ஒரு முறை புதுப்பித்தால் போதும். கொஞ்சம் கவனம் தேவைப்படுபவருக்கு 8 ஆண்டு. அதிக ஆபத்து உள்ள கணக்குக்குத்தான் 2 ஆண்டு. விவரம் எதுவும் மாறாவிட்டால், "மாற்றமில்லை" என்று கணக்குதாரர் சொந்தமாக எழுதிக் கொடுத்தாலே போதும், அதற்காகக் கிளைக்கு வரவேண்டியதில்லை என்று 2023 ஜனவரியில் ரிசர்வ் பாங்கு தெளிவாகச் சொன்னது. கெடுவுக்கு முன்னால் மூன்று முறை அறிவிக்க வேண்டும், அதில் ஒன்று கடிதமாக இருக்க வேண்டும், கெடு தாண்டிய பிறகும் மூன்று நினைவூட்டல் அனுப்ப வேண்டும் என்று 2025 ஜூனில் மேலும் உத்தரவிட்டது.

நல்ல விதிகள். ஆனால் இந்த விதிகளைப் பாங்குக் கிளையின் அறிவிப்புப் பலகையில் தமிழில் எழுதிப் போட்டிருப்பதை எத்தனை பேர் பார்த்திருப்பார்கள்? ஆங்கிலத்தில் வரும் ஒரு செல்போன் செய்தியே கடிதமாகவும் நோட்டீஸாகவும் கொள்ளப்படுகிறது. ஊர் மாறும்போது செல்போன் எண்ணும் மாறும் வடநாட்டுத் தொழிலாளிக்கு அந்தச் செய்தியும் போய்ச் சேருவதில்லை. கூலி எடுக்கப் போகும்போதுதான் கணக்கு முடங்கியது தெரிகிறது.

பெயர் விஷயத்தைப் பாருங்கள். தமிழ்நாட்டில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது. தகப்பனார் பெயரின் முதலெழுத்துதான் இனிஷியல். ஒருவருடைய ஆதாரில் இனிஷியல் பெயருக்குப் பின்னால் நிற்கிறது. பான் கார்டில் அது தகப்பனாரின் முழுப் பெயராக விரிந்துவிடுகிறது. பாஸ் புத்தகத்தில் இனிஷியலே காணோம். ஒரே மனிதரை மூன்று மனிதராக்கிவிட்டு, "நீ இவர்தான் என்று நிரூபி" என்கிறது கம்ப்யூட்டர். கைரேகை வைக்கலாம் என்றால், இரும்பைப் பிடித்துத் தேய்ந்த கையிலும் சாயத் தொட்டியில் ஊறிய கையிலும் ரேகை சரியாக விழுவதில்லை. உழைத்த அடையாளமே குற்றமாகிவிடுகிறது!

பாங்குக் கணக்குக்கு ஆதார் கட்டாயமல்ல என்று சுப்ரீம் கோர்ட் 2018 செப்டம்பர் 26-ல் தீர்ப்பளித்தது. சர்க்கார் உதவித் தொகையை ஆதார் வழியாகப் பெறுகிறவர் விஷயம் வேறு. அதற்காக எல்லாக் கணக்குதாரரிடமும் வேறு எந்த அத்தாட்சியும் செல்லாது என்று மறுக்க இடமில்லை.

இதற்கு மேல் ஒரு கொடுமை. எங்கோ ஒருவர் மோசடி செய்த பணத்தில் நூறோ இருநூறோ ஒரு டீக்கடைக்காரரின் கணக்கில் செல்போன் மூலம் விழுந்துவிட்டால், வெளி ராஜ்யப் போலீஸ் அனுப்பும் ஒரு தகவலில் அவருடைய முழுக் கணக்கும் முடக்கப்படுகிறது. சந்தேகத்துக்குரிய தொகையை மட்டும் நிறுத்தி வைத்துவிட்டு மற்ற பணத்தை எடுக்க விடவேண்டும் என்று 2023-ல் கேரள உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிமன்றப் படி ஏறியவருக்கு நியாயம் கிடைத்தது. படியேற வசதியில்லாதவர் என்ன செய்வார்?

சோதனை மட்டுமல்ல, அபராதமும் உண்டு. 2023 செப்டம்பரில் தமிழக சர்க்கார் மகளிர் உரிமைத் தொகையின் முதல் 1,000 ரூபாயை அனுப்பியபோது, கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லை என்று சில பாங்குகள் அதிலேயே கை வைத்தன. ராஜ்ய நிதி மந்திரியே கண்டிக்க வேண்டியதாயிற்று. ஸ்டேட் பாங்கு இந்த அபராதத்தை 2020-ல் கைவிட்டது. கனரா பாங்கும் இந்தியன் பாங்கும் 2025-ல் கைவிட்டன. அபராதம் இல்லாமலே பாங்கு நடக்கும் என்பதற்கு இதைவிட வேறு அத்தாட்சி வேண்டுமா?

ஓவர்டிராப்ட் ஏன் கிடைப்பதில்லை?

இனி இரண்டாவது முறையீடு. ஜாப் ஆர்டர் பட்டறைக்காரருக்கு ஓவர்டிராப்ட் ஆடம்பரமல்ல. இன்று சரக்கை முடித்துக் கொடுக்கிறார். பெரிய கம்பெனி மூன்று மாதம், நான்கு மாதம் கழித்துப் பணம் தருகிறது. ஆனால் தொழிலாளிக்குச் சனிக்கிழமை சம்பளம் கொடுத்தாக வேண்டும். மின் கட்டணம் கட்ட வேண்டும். இரும்பு வாங்க வேண்டும். இந்த இடைவெளியை நிரப்பத்தான் பாங்குக் கடன்.

பாங்கு என்ன செய்கிறது? கையிருப்புச் சரக்கையும் வரவேண்டிய பில்லையும் கணக்குப் பார்த்து, அதில் ஒரு பங்கைக் கழித்துவிட்டு, மீதிக்குப் பணம் எடுக்க அனுமதிக்கிறது. 90 நாளைத் தாண்டிய பில்லைப் பொதுவாக அது கணக்கில் சேர்ப்பதில்லை. ஆகவே பெரிய கம்பெனி எவ்வளவு தாமதம் செய்கிறதோ, சிறியவரின் வரம்பு அவ்வளவு சுருங்குகிறது. தவணை தவறுகிறது. 90 நாளில் அவர் 'வாராக்கடன்'காரர் ஆகிறார். தாமதம் செய்தது ஒருவர். கெட்ட பெயர் இன்னொருவருக்கு!

சிறு தொழிலுக்கு 45 நாளுக்குள் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் பாங்கின் பாங்கு விகிதத்தைப்போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி தரவேண்டும் என்று 2006-ம் ஆண்டுச் சட்டம் சொல்கிறது. ஆனால் வழக்குப் போடும் பட்டறைக்காரருக்கு மறுநாள் ஆர்டர் வருமா? இந்தப் பயத்திலேயே சட்டம் செத்துக் கிடக்கிறது.

ஈடு கேட்பதையும் பார்ப்போம். குறுந்தொழில், சிறு தொழில் கடனில் 10 லட்சம் ரூபாய் வரை சொத்து ஈடு கேட்கக் கூடாது என்று ரிசர்வ் பாங்கு 2010-லேயே உத்தரவிட்டது. இப்படிப்பட்ட கடனுக்குப் பொறுப்பேற்க மத்திய சர்க்கார் உத்தரவாத நிதி ஒன்றையும் 2000-ல் ஏற்படுத்தியது. இருந்தும் வாடகைக் கட்டடத்தில் லேத் ஓட்டுகிறவரிடம், "வீட்டுப் பத்திரம் இருக்கிறதா?" என்ற கேள்வி ஓயவில்லை.

பாதுகாப்பு என்ற பெயரில் ஓவர்டிராப்டும் சோதனையும் கைகோத்த சம்பவமும் உண்டு. ஓரிடத்தில் கடன் வாங்கி இன்னொரு பாங்கில் நடப்புக் கணக்கு வைத்துப் பணத்தைத் திருப்பும் பெரிய மோசடிகளைத் தடுக்க, 2020 ஆகஸ்ட் 6-ல் ரிசர்வ் பாங்கு ஒரு சுற்றறிக்கை விட்டது. நோக்கம் சரி. ஆனால் 2021 ஆகஸ்டில் அது அமலுக்கு வந்தபோது, நாடெங்கும் சிறு தொழில்களின் நடப்புக் கணக்குகள் முடங்கின. கூக்குரல் எழுந்த பிறகு கெடு நீட்டப்பட்டது. அக்டோபரில் 5 கோடிக்குக் குறைவான கடன்காரர்களுக்குத் தளர்வு வந்தது. திமிங்கிலத்துக்கு வீசிய வலையில் நெத்திலி மாட்டிக்கொண்டது!

பாங்கு கதவைச் சாத்தினால் யார் கதவு திறக்கிறது? கந்துவட்டிக்காரர் கதவு. கந்துவட்டியைத் தடுக்க 2003-ல் சட்டம் வந்தது. ஆனால் சட்டத்தால் மட்டும் அதை ஒழிக்க முடியாது. சனிக்கிழமைச் சம்பளத்துக்குப் பாங்கு பணம் தராத வரையில், மீட்டர் வட்டிக்காரர் தந்துகொண்டேதான் இருப்பார்.

பணம் எங்கே போயிற்று?

"மக்கள் பணத்தைக் காப்பாற்றத்தான் இவ்வளவு கட்டுப்பாடு" என்பார்கள். அப்படியானால் மக்கள் பணம் எந்த வழியில் போயிற்று என்று பார்ப்போம்.

2014-15 முதல் 2022-23 வரை ஒன்பது ஆண்டுகளில் பாங்குகள் கணக்கேட்டிலிருந்து நீக்கிய கடன் 14.56 லட்சம் கோடி ரூபாய் என்று மத்திய சர்க்காரே பார்லிமெண்டில் சொன்னது. இதில் பாதிக்கு மேல், அதாவது 7.40 லட்சம் கோடிக்கு மேல், பெரிய தொழில்களும் சேவை நிறுவனங்களும் வாங்கியது. நீக்குவது தள்ளுபடியல்ல, வசூல் தொடரும் என்கிறார்கள். அப்படி வசூலானது சுமார் 2.04 லட்சம் கோடி. ரூபாய்க்கு 14 பைசா!

2018-ல் வெளிவந்த பஞ்சாப் நேஷனல் பாங்கு மோசடியை நினைத்துப் பாருங்கள். பம்பாயில் ஒரே கிளையிலிருந்து வைர வியாபாரிகளுக்கு உத்தரவாதக் கடிதங்கள் பல ஆண்டுகள் போய்க்கொண்டிருந்தன. அவை பாங்கின் பிரதான கணக்கில் பதியப்படவே இல்லை. 13,000 கோடிக்கு மேல் போன பிறகுதான் விழித்தார்கள். டீக்கடைக்காரரின் இருநூறு ரூபாயைக் கண்டுபிடிக்கும் கண்ணுக்கு அது ஏன் தெரியவில்லை?

அவ்வளவு தூரம் போவானேன்? நம் கரூரைப் பாருங்கள். 1926-ல் கரூர் வியாபாரிகள் தொடங்கி, உள்ளூர் மக்களின் சேமிப்பில் வளர்ந்தது லட்சுமி விலாஸ் பாங்கு. சிறு தொழிலையும் வியாபாரத்தையும் நம்பி இருந்தவரை அது நின்றது. பெரிய கம்பெனிகளுக்குக் கடன் கொடுக்கப் புறப்பட்ட பிறகு தள்ளாடியது. 2020 நவம்பர் 17-ல், 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்கக் கூடாது என்று கணக்குதாரர்களுக்குத் தடை விழுந்தது. நவம்பர் 27-ல் அது சிங்கப்பூர் டி.பி.எஸ். பாங்கின் இந்தியக் கம்பெனியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர் பணம் தப்பியது. பங்கு வைத்திருந்தவர்களுக்கு ஒரு காசும் கிடைக்கவில்லை. அந்தப் பாங்கைக் கவிழ்த்தது கரூர்த் தறிக்காரரின் பழைய போட்டோவா? அவருடைய இனிஷியலா?

சிறு கடனும் வாராமல் போவதுண்டு என்பதை நாம் மறுக்கவில்லை. செல்போன் மோசடிகள் பெருகுவதும் உண்மை. வயதானவரின் சேமிப்பைத் திருடர் கையிலிருந்து காப்பாற்றச் சோதனை வேண்டும், கறாராகவே வேண்டும். ஆனால் சோதனையின் கடுமை ஆபத்தின் அளவுக்கு ஏற்றதாக இருக்க வேண்டும். இன்று அது ஆளின் ஏழ்மைக்கு ஏற்றபடி இருக்கிறது. இதைத்தான் எதிர்க்கிறோம்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். கவுண்டரில் உட்கார்ந்திருக்கும் குமாஸ்தா நமக்கு விரோதியல்ல. காலியிடங்களை நிரப்பாமல் இருவர் வேலையை ஒருவர் தலையில் கட்டி, இன்ஷூரன்ஸ் விற்கவும் அவரையே விரட்டுகிறார்கள். அவர் மீது பாய்வதால் பயனில்லை. அவரும் நாமும் சேர்ந்து கேட்டால்தான் மேலே இருப்பவர்களின் காதில் விழும்.

நாம் கோருவது என்ன?

1. கடிதம் உள்பட முறைப்படி நோட்டீஸ் கொடுக்காமல் எந்தக் கணக்கையும் முடக்கக் கூடாது. நோட்டீஸ் தமிழில் இருக்க வேண்டும். வெளி ராஜ்யத் தொழிலாளிக்கு அவர் மொழியில் இருக்க வேண்டும்.

2. கூலி, பென்ஷன், உதவித் தொகை வரும் கணக்கில், விசாரணை நடந்தாலும் சந்தேகத் தொகையைத் தவிர மற்றதை எடுக்க அனுமதிக்க வேண்டும்.

3. இனிஷியல் வித்தியாசத்தைக் காரணம் காட்டித் திருப்பி அனுப்பக் கூடாது. ஒரு எளிய உறுதிமொழியை ஏற்க வேண்டும்.

4. குறைந்தபட்ச இருப்பு அபராதத்தை எல்லாப் பாங்குகளும் ஒழிக்க வேண்டும்.

5. ஆர்டரையும் பில்லையும் ஆதாரமாகக் கொண்டு சிறு தொழிலுக்கு ஓவர்டிராப்ட் தரவேண்டும். பெரிய கம்பெனி பில்லைத் தாமதித்தால், அந்தத் தாமதம் அந்தக் கம்பெனியின் கடன் கணக்கில் குறையாகப் பதியப்பட வேண்டும்.

6. ஜன தன் கணக்குக்கு 2018-ல் அறிவித்த 10,000 ரூபாய் ஓவர்டிராப்ட் ஒவ்வொரு கிளையிலும் எத்தனை பேருக்குக் கிடைத்தது என்று பகிரங்கமாக வெளியிட வேண்டும்.

கோரிக்கை நிறைவேறும் வரை கையைக் கட்டிக்கொண்டு இருக்க வேண்டியதில்லை. கடன் மனுவை மறுத்தால் முக்கியக் காரணத்தை எழுத்தில் தெரிவிக்க வேண்டும் என்று ரிசர்வ் பாங்கு 2003-ல் சிறு கடன்களுக்கும், 2007-ல் எல்லாக் கடன்களுக்கும் விதித்தது. வாய்மொழி மறுப்பை ஏற்காதீர்கள், எழுதிக் கேளுங்கள். முடக்கிய கணக்குக்கும் மனுவை எழுதிக் கொடுத்து, நகலில் தேதியோடு முத்திரை வாங்குங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால், அல்லது பதில் நியாயமாக இல்லாவிட்டால், ரிசர்வ் பாங்கின் குறைதீர்ப்பு அதிகாரிக்குப் புகார் அனுப்புங்கள், கட்டணம் கிடையாது. ஒருவராகப் போவதைவிடத் தெருவாக, பட்டறை வட்டாரமாக, தொழிற்சங்கமாகப் போங்கள். ஒற்றை மனு மேஜைக்குள் தூங்கும். நூறு மனு தூங்காது.

1969 ஜூலை 19-ல் 14 பெரிய பாங்குகள் தேசவுடைமையாக்கப்பட்டபோது, விவசாயிக்கும் சிறு தொழிலுக்கும் பாங்கின் கதவு திறக்கும் என்று நாட்டுக்கு வாக்குறுதி தரப்பட்டது. அந்த வாக்குறுதியை யாரும் வாபஸ் வாங்கவில்லை. மக்கள் பணத்தில் நடக்கும் பாங்கு மக்களை நம்பவேண்டும் என்று கேட்பது சலுகையல்ல. அது பணத்தின் சொந்தக்காரர்களுடைய உரிமை.