வெள்ளக்குறி எழுதி வைப்போம்

ஐப்பசி அடைமழை தொடங்குமுன் அங்கத்தினர்கள் ஒரு காரியம் செய்தல் வேண்டும். நம் சங்கத்தில் ஒரு பேரேடு வைத்து, வெள்ளம், புயல், கொள்ளைநோய் ஆகியவற்றால் ஊர் பட்ட துன்பங்களைத் தேதியுடன் பதிந்து வர வேண்டும்.

துன்பத்தை மறப்பதன்றோ நலம் எனச் சிலர் கூறுவர். 2015 டிசம்பர் முதல் தேதி பெய்த மழையை எண்ணிப் பாருங்கள். தாம்பரத்தில் ஒரே நாளில் 49 சென்டிமீட்டர் பதிவாயிற்று. சென்னை ஓராண்டில் பெறும் மழையில் இது மூன்றில் ஒரு பங்கு. முடிச்சூரும் வரதராஜபுரமும் நீரில் மூழ்கின. செம்பரம்பாக்கம் ஏரியைத் திறந்ததே காரணம் என்று பலர் இன்றும் நம்புகின்றனர். அவ்வேரியின் உபரிநீர் அடையாற்றில் கலப்பது திருநீர்மலை அருகில். முடிச்சூரோ அதற்கு மேற்புறத்தில் உள்ளது. அங்கே புகுந்தது ஆதனூர், மணிமங்கலம் முதலிய ஏரிகளின் நீர். செம்பரம்பாக்கத்து நீர் சேர்ந்து வருத்தியது அனகாபுத்தூர் முதலான கீழ்ப்புறத்து ஊர்களை. நேற்று நடந்ததே இவ்வாறு குழம்புமாயின், 1943, 1976ஆம் ஆண்டுகளின் வெள்ளத்தை நம் பிள்ளைகள் எங்ஙனம் அறிவர்? காரணம் அறியாதவர் எந்த வாய்க்காலைத் தூர்வாரக் கேட்பர்?

வைசூரியை ஒழித்த வரலாறு நமக்குப் பாடமாகும். கிண்டியில் 1899இல் தோன்றிய கிங் நிலையம் அம்மைப்பால் தயாரித்து வழங்கியது. ஆயினும் ஊழியர்கள் வீடு வீடாகச் சென்று, நோயுற்றோரை ஏட்டில் பதிந்து, அவரைச் சூழ்ந்திருந்தோர்க்கெல்லாம் அம்மை குத்திய பின்னரே அந்நோய் அடங்கிற்று. இந்தியாவில் அதன் கடைசி நோயாளி காணப்பட்டது 1975இல்.

அரசாங்கம் மழையை அளக்கும். எந்தத் தெருவில் தறிக்குழி முதலில் நிரம்பியது, எத்தனை நூல் சிட்டங்கள் நனைந்தன, நாற்றங்கால் எத்தனை நாள் நீரில் கிடந்தது, பின்னர் எந்தக் கிணற்று நீரால் வாந்திபேதி கண்டது என்பவற்றை நாமே எழுத வேண்டும்.

சுவரில் வெள்ளக்குறி இட்டால் மனையின் விலை குறையுமென அஞ்சுவோர் உளர். அம்மனையை வாங்குபவரும் நாளை நம் அண்டை வீட்டாரே அன்றோ? அவரிடம் உண்மையை மறைத்தல் கூட்டுறவுக்கு அழகன்று.

ஆகவே, முதியோரைக் கேட்டு இம்மாதமே எழுதத் தொடங்குக. சங்கக் கட்டிடச் சுவரில் நீர் ஏறிய உயரத்தைக் கோடிட்டு ஆண்டைக் குறிக்க. நூலும் விதைநெல்லும் அக்கோட்டுக்கு மேலேயே அடுக்கப்பட வேண்டும்.