கிருமி யாருக்குச் சொந்தம்? நான்கு அண்டை நாடுகளும் நான்கு பேரங்களும்

உலக சுகாதார நிறுவனம் தன் வசதிக்காக உலகத்தை ஆறு வட்டாரங்களாகப் பிரித்து வைத்திருக்கிறது. அந்தப் பிரிவினையில் தாய்லாந்து, இந்தியாவோடு சேர்ந்து தென்கிழக்கு ஆசிய வட்டாரத்தில் இருக்கிறது. தாய்லாந்தை ஒட்டியிருக்கும் மலேசியாவும், மலேசியாவோடு பாலத்தால் இணைந்திருக்கும் சிங்கப்பூரும் சீனா, ஜப்பானோடு மேற்குப் பசிபிக் வட்டாரத்தில் இருக்கின்றன. நெடுங்காலம் தாய்லாந்துப் பக்கம் இருந்த இந்தோனேசியா, 2025 மே மாதம் மேற்குப் பசிபிக்குக்கு மாறிக்கொண்டது. கொசுவுக்கும் கோழிக்கும் இந்தக் கோடுகள் தெரியாது. டெங்குவும் பறவைக் காய்ச்சலும் நான்கு நாடுகளுக்கும் பொதுக் கவலைகள். ஆனால் ஜெனிவாவில் பேச உட்காரும்போது நான்கும் நான்கு குரலில் பேசுகின்றன. ஏன்?

கொள்கை வேறுபாடு, ஆட்சிமுறை வேறுபாடு என்று காரணம் சொல்லலாம். எனக்கென்னவோ இன்னும் எளிமையான காரணம் ஒன்று இருப்பதாகத் தோன்றுகிறது. பெரிய நாடுகளோடும் பெரிய மருந்து நிறுவனங்களோடும் பேரம் பேசப் போகும் சிறிய நாடு, தன் கையிருப்பு எதுவோ அதை வைத்துத்தான் பேசும். இந்த நான்கு நாடுகளின் கையிருப்பும் வேறுவேறு.

முதலில் தாய்லாந்து. 2002ல் எல்லாக் குடிமக்களுக்கும் அரசு மருத்துவக் காப்பீடு என்ற திட்டத்தை அது சட்டமாக்கியது. ஒருமுறை மருத்துவமனைக்குப் போனால் முப்பது பாட் கட்டணம். அப்படி ஒரு வாக்குறுதி கொடுத்துவிட்டால், மருந்து விலை வெறும் சந்தை விவகாரமாக இருப்பது நின்றுபோய், அரசு கஜானாவின் பிரச்சனையாகிவிடுகிறது. 2006 நவம்பரில் எஃபாவிரென்ஸ் என்ற எச்.ஐ.வி. மருந்துக்குத் தாய்லாந்து கட்டாய உரிமம் அறிவித்தது. அதாவது, காப்புரிமை வைத்திருப்பவரின் சம்மதம் இல்லாமலே, அவருக்கு ஒரு சிறு பங்கு கொடுத்துவிட்டு, அதே மருந்தை வேறிடத்தில் செய்யவோ வாங்கவோ அரசு அளிக்கும் அனுமதி. 2007 ஜனவரியில் இன்னொரு எச்.ஐ.வி. மருந்தும், ஓர் இதய நோய் மருந்தும் பட்டியலில் சேர்ந்தன. இதைச் செய்த மொங்கோல் நா சோங்க்லா, ராணுவப் புரட்சிக்குப் பின் அமைந்த அரசில் சுகாதார அமைச்சர் என்பது இதிலுள்ள முரண்.

உலக வர்த்தக விதிகளுக்கு உட்பட்டுத்தான் தாய்லாந்து இதைச் செய்தது. 2001ம் ஆண்டின் தோஹா பிரகடனம் இந்த உரிமையை ஐயத்துக்கு இடமின்றி உறுதி செய்திருந்தது. இருந்தும் அந்த எச்.ஐ.வி. மருந்தின் உரிமையாளரான அபாட் நிறுவனம், தாய்லாந்தில் பதிவு செய்யக் கொடுத்திருந்த புதிய மருந்துகளின் விண்ணப்பங்களைத் திரும்பப் பெற்றுக்கொண்டது. அமெரிக்கா 2007ல் தன் வர்த்தகக் கண்காணிப்புப் பட்டியலில் தாய்லாந்தை மேலே ஏற்றியது. உரிமை சட்டத்தில் இருப்பது வேறு, அதைப் பயன்படுத்திவிட்டு விளைவைத் தாங்குவது வேறு.

மலேசியா இதே கருவியைச் சத்தமில்லாமல் பயன்படுத்தியது. 2003லேயே எச்.ஐ.வி. மருந்துகளை இந்தியாவின் சிப்லா நிறுவனத்திடமிருந்து இரண்டு ஆண்டுகளுக்கு இறக்குமதி செய்ய அனுமதித்தது. தோஹாவுக்குப் பிறகு இந்த உரிமையை முதலில் எடுத்துப் பயன்படுத்திய நாடுகளில் அதுவும் ஒன்று. 2017ல் ஹெபடைடிஸ் சி நோயைக் குணமாக்கும் சோஃபாஸ்புவிர் மருந்துக்கும் அதையே செய்தது. அமெரிக்காவில் அறிமுகமானபோது பன்னிரண்டு வாரச் சிகிச்சைக்கு 84,000 டாலர் விலை வைக்கப்பட்ட மருந்து அது. மலேசியா அதோடு நிற்கவில்லை. சோஃபாஸ்புவிருடன் சேர்த்துக் கொடுக்க ராவிடாஸ்விர் என்ற புதிய மருந்தைச் சோதிப்பதில் தாய்லாந்தோடு கைகோத்தது. இரு நாட்டு நோயாளிகளிடமும் சோதிக்கப்பட்ட அந்த மருந்தை 2021ல் மலேசியா பதிவு செய்தது. அண்டை நாடுகள் சேர்ந்தால் என்ன முடியும் என்பதற்கு, அதிகம் பேசப்படாத நல்ல உதாரணம் இது.

சிங்கப்பூரின் வழி நேர் எதிர். 2004ல் நடைமுறைக்கு வந்த அமெரிக்க ஒப்பந்தத்தில், கட்டாய உரிமம் வழங்கக்கூடிய சந்தர்ப்பங்களை அது தானாகவே குறுக்கிக்கொண்டது. மருந்துத் தொழிற்சாலைகளையும் ஆய்வகங்களையும் வரவழைப்பது அதன் திட்டம். 2003ல் சார்ஸ் நோய் 238 பேரைத் தாக்கி 33 பேரைப் பலிகொண்ட அனுபவமும் சேர்ந்துகொண்டது. நம்பகமான ஆய்வகம், ஒளிவுமறைவற்ற தகவல், கையில் பணம் ஆகியவைதான் அதன் கையிருப்பு. கோவிட் காலத்தில் தடுப்பூசிகளைப் பகிர்ந்துகொள்ள ஏற்பட்ட கோவாக்ஸ் திட்டத்துக்கு ஆதரவான நாடுகளின் குழுவை, சுவிட்சர்லாந்தோடு சேர்ந்து சிங்கப்பூர் தலைமையேற்று நடத்தியது. தனக்கான தடுப்பூசியைத் தனியாகக் காசு கொடுத்தும் வாங்கிக்கொண்டது. குறை சொல்வதற்கில்லை. பணம் உள்ளவரின் வழி அது.

இந்தோனேசியாவிடம் இருந்தது கிருமி. எச்5என்1 பறவைக் காய்ச்சலால் மிக அதிக மனித உயிர்களை இழந்த நாடு அது. உலக வழக்கப்படி, கிருமி மாதிரிகளை உலக சுகாதார நிறுவனத்தின் ஆய்வக வலைக்கு இலவசமாக அனுப்பிக்கொண்டிருந்தது. அந்த மாதிரியிலிருந்து ஓர் ஆஸ்திரேலிய நிறுவனம் தடுப்பூசி செய்கிறது என்று தெரியவந்தபோது, சுகாதார அமைச்சர் சித்தி ஃபடிலா சுபாரி கேட்ட கேள்வி எளிமையானது: கிருமி எங்களுடையது, தடுப்பூசி மட்டும் எங்களுக்கு எட்டாத விலையிலா? 2007ன் தொடக்கத்தில் மாதிரிகள் அனுப்புவது நின்றது. உலகமே ஆபத்தில் இருக்கும்போது இப்படி மிரட்டலாமா என்று பலர் கொதித்தார்கள். சுபாரி பின்னாளில், 2017ல், மருத்துவக் கருவிகள் வாங்கியதில் நடந்த ஊழலுக்காகச் சிறைத் தண்டனை பெற்றார். அதனால் அவர் எழுப்பிய கேள்வி செல்லாக்காசு ஆகிவிடவில்லை.

மென்பொருள் எழுதுகிறவர்களுக்கு இந்தக் கேள்வி பழக்கமானது. மூல நிரலை யாரும் எடுத்துக்கொள்ளலாம், ஆனால் அதைக் கொண்டு செய்த மென்பொருளை வெளியிட்டால் அதன் நிரலையும் அதே நிபந்தனையில் பிறருக்குத் தரவேண்டும் என்பது ஜி.பி.எல். உரிமத்தின் சாரம். இந்தோனேசியா கிருமிக்குக் கேட்டதும் ஏறக்குறைய அதைத்தான். நான்கு வருட இழுபறிக்குப் பிறகு, 2011ல் உலக சுகாதாரப் பேரவை ஓர் ஏற்பாட்டுக்கு ஒப்புக்கொண்டது. மாதிரிகளைப் பெறும் தடுப்பூசி நிறுவனங்கள் உற்பத்தியில் ஒரு பகுதியை நன்கொடையாகவோ மலிவு விலையிலோ தருவது போன்ற கடப்பாடுகளை ஏற்கவேண்டும். வலையைப் பயன்படுத்தும் நிறுவனங்கள் ஆண்டுதோறும் பணமும் கட்டவேண்டும்.

ஆனால் அந்த ஏற்பாடு பெருந்தொற்றாக மாறக்கூடிய இன்ஃபுளுயன்சாவுக்கு மட்டும். 2020ல் வந்ததோ கொரோனா. 2011ன் ஒப்பந்தத்தில் அதற்கு இடமே இல்லை. விளைவு நமக்குத் தெரியும். இந்தோனேசியா 2021 ஜனவரியில் சீனத் தடுப்பூசியோடு தொடங்கியது. கோவாக்ஸில் சேராமல் உள்நாட்டு உற்பத்தியை நம்பியிருந்த தாய்லாந்தில், ஊசி போதாமல் போய், தேசியத் தடுப்பூசிக் கழகத்தின் தலைவர் 2021 ஜூலையில் மக்களிடம் பகிரங்கமாக மன்னிப்புக் கேட்கவேண்டி வந்தது. 2007ல் அவ்வளவு துணிச்சலாகப் பேரம் பேசிய இரு நாடுகளுக்கும் பழைய ஆயுதங்கள் கைகொடுக்கவில்லை.

காரணம், ஆட்டமே மாறிவிட்டது. 2020 ஜனவரி 11 அன்று சீன விஞ்ஞானிகள் தீநுண்மியின் மரபணு வரிசையை இணையத்தில் வெளியிட்டார்கள். கிருமியைக் கண்ணால் பார்க்காமலே, எழுத்து வரிசையை மட்டும் வைத்துச் சில நாட்களில் எம்.ஆர்.என்.ஏ. தடுப்பூசியை வடிவமைக்க முடிந்தது. சோதனைக் குழாயை அனுப்பமாட்டேன் என்று சொல்லலாம். ஒருமுறை இணையத்தில் ஏறிவிட்ட வரிசையை யாரால் திரும்பப் பெறமுடியும்?

2025 மே மாதம் நிறைவேறிய பெருந்தொற்று உடன்படிக்கையின் முடிச்சும் இங்குதான். பெருந்தொற்றுக் காலத்தில், ஏற்பாட்டில் சேரும் நிறுவனங்கள் உற்பத்தியில் 20 சதவிகிதத்தை உலக சுகாதார நிறுவனத்துக்கு ஒதுக்குவது, அதில் குறைந்தது பாதியை இலவசமாகத் தருவது என்று அதில் இலக்கு இருக்கிறது. ஆனால் கிருமியையும் வரிசையையும் பகிரும் விதிகள் தனி இணைப்புக்கென ஒதுக்கப்பட்டன. அந்த இணைப்பு நிறைவேறிய பிறகுதான் உடன்படிக்கை கையெழுத்துக்கே திறக்கும். வரிசையைத் தரவிறக்கும் நிறுவனம் தன் பெயரையும் கடப்பாட்டையும் பதிவு செய்தே ஆகவேண்டுமா, அல்லது பெயர் சொல்லாமல் எடுத்துக்கொள்ளலாமா? மொத்த உடன்படிக்கையின் மதிப்பும் இந்த ஒரு விதியில் தொங்குகிறது.

தனித்தனியாகப் பேசினால் இந்த நான்கு நாடுகளிடமும் பழைய கையிருப்புதான் இருக்கும். சேர்த்துப் பாருங்கள்: இந்தோனேசியாவின் மக்கள்தொகையும் கிருமிக் கண்காணிப்பும், தாய்லாந்தின் அரசு மருந்து உற்பத்தியும் சட்ட அனுபவமும், மலேசியாவின் சாமர்த்தியமான கொள்முதல், சிங்கப்பூரின் ஆய்வகங்கள். ஒரு தடுப்பூசிக்குத் தேவையானதில் பெரும்பகுதி ஒரு சில மணிநேர விமானப் பயணத்துக்குள் இருக்கிறது. ஆசியான் அமைப்பு தொற்றுநோய்களுக்கென்று ஒரு பொது மையம் வைக்க முடிவு செய்தபோது, அதை எங்கே வைப்பது என்பதில் தடுமாறி, கடைசியில் இந்தோனேசியா, தாய்லாந்து, வியட்நாம் என்று மூன்றாகப் பங்கு போட்டார்கள். இதில் சிரிப்பதற்கும் இருக்கிறது, நம்பிக்கை வைப்பதற்கும் இருக்கிறது. அந்த மூன்று அலுவலகங்களும் அடுத்த கிருமியின் வரிசை இணையத்தில் ஏறுவதற்கு முன்பாவது ஒரே நிபந்தனையோடு பேசக் கற்றுக்கொண்டால், 2007ல் ஜகார்த்தாவில் கேட்கப்பட்ட கேள்விக்குப் பதில் கிடைக்க வாய்ப்பு உண்டு.