பிள்ளையின் இமை சரிந்திருக்கிறதா?



“பிள்ளைக்கு ஒரு கண் தூங்கி வழியுது. அது பரம்பரை, வளர வளரச் சரிவரும்” என்று வீட்டில் பெரியவர்கள் சொல்லக் கேட்டிருப்பீர்கள். பெண்பிள்ளை என்றால், “கலியாணம் பேசுகிற நேரம் பார்ப்பம்” என்பார்கள். இமை சரிவதை அழகுப் பிரச்சினையாக மட்டும் நினைப்பதால் வரும் பேச்சு இது. உண்மையில் அது பார்வையையே பாதிக்கக்கூடியது.

மேல் இமையை உயர்த்துவதற்கென ஒரு தசை உண்டு. சில பிள்ளைகளுக்குப் பிறப்பிலேயே அது சரியாக வளர்ந்திருக்காது. அதனால் இமை கீழிறங்கிக் கண்மணியை மறைக்கும். குழந்தை பிறக்கும்போதே பார்வை முழுமை பெறுவதில்லை. கண்ணில் விழும் தெளிவான உருவங்களைக் கொண்டே மூளை பார்க்கப் பழகுகிறது. ஏறக்குறைய 7, 8 வயதுவரை இது நடக்கும். அந்தக் காலத்தில் மறைபட்டிருக்கும் கண்ணை மூளை ஒதுக்கிவிடும். இதையே ‘சோம்பல் கண்’ என்கிறார்கள். கண்மணி முழுதாக மறையாவிட்டாலும், இமையின் அழுத்தத்தால் கருவிழியின் வளைவு மாறிப் பார்வை மங்கலாம். 20 வயதிலும் இமையை உயர்த்தச் சத்திரசிகிச்சை செய்யலாம். ஆனால், சிறுவயதில் இழந்த பார்வையை மீட்பது மிகக் கடினம்.

பிள்ளை நாடியை உயர்த்திப் பார்க்கிறதா? புருவத்தைத் தூக்கி நெற்றியைச் சுருக்குகிறதா? விரலால் இமையைத் தூக்குகிறதா? வகுப்பில் இதைத் ‘திமிர்’ என்று கண்டிப்பதும், பட்டப்பெயர் வைப்பதும் நடக்கின்றன. ஆசிரியரிடம் தாய் விளக்கிச் சொல்வது நல்லது.

நிறை பார்க்கும் கிளினிக்கிலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் சொல்லுங்கள். அரசாங்க வைத்தியசாலைக் கண் சிகிச்சைப் பிரிவில் கட்டணமின்றிக் காட்டலாம். எல்லாப் பிள்ளைகளுக்கும் உடனே சத்திரசிகிச்சை தேவைப்படாது. சிலருக்குக் கண்ணாடி கொடுப்பார்கள். சிலருக்கு நல்ல கண்ணைத் தினமும் சில மணிநேரம் மூடிவைத்து, மற்றக் கண்ணுக்கு வேலை கொடுக்கச் சொல்வார்கள். பிள்ளை அழுதாலும் இதை இடையில் விடக்கூடாது.

வளர்ந்தவர்களுக்கு வயது காரணமாகவும் இமை தளரும். அப்போது மேற்பக்கப் பார்வை குறையும், நெற்றியும் வலிக்கும். காலையில் சரியாக இருந்து மாலையில் இமை சரிந்தால், அது தசைகளைப் பலவீனமாக்கும் நோயாக இருக்கலாம். திடீரென இமை சரிந்து, தலைவலியோ இரட்டைப் பார்வையோ வந்தால் அன்றே வைத்தியசாலைக்குப் போகவேண்டும். நிலத்தில் படுத்தெழுந்த ஒருவருக்குக் காலையில் இரு இமைகளும் சரிந்திருந்தால், பாம்புக்கடியையும் சந்தேகியுங்கள். கட்டுவிரியன் கடித்த இடத்தில் வலியோ வீக்கமோ இல்லாமலும் இருக்கலாம். தாமதித்தால் மூச்சு நின்றுவிடும்.

பிள்ளையின் கண்ணுக்குக் கலியாண வயதுவரை தவணை சொல்லாதீர்கள். அடுத்த கிளினிக் நாளிலேயே காட்டுங்கள்.