வான் நோக்கும் பீங்கான் வில்லை

"நாம் நிற்கும் இடம் எது?" என வினவியவுடன் விடை பகரும் ஜீ.பீ.எஸ். கருவிகள் இன்று மோட்டார் வண்டியிலும் மீன்பிடி வள்ளத்திலும் இடம்பெற்றுவிட்டன. இவற்றுட் பலவற்றிற்குச் செவியாக அமைந்திருப்பது ஒரு சிறு பீங்கான் வில்லை. அதனைப் பற்றி இவ்வாரம் அறிவோம்.

வழிகாட்டும் செய்மதிகள் பூமிக்கு மேலே சுமார் 20,200 கிலோமீற்றர் உயரத்திற் சுற்றுகின்றன. அங்கிருந்து வரும் வானொலி அலை நம்மை அடையும்போது மிகவும் நலிந்துவிடுகிறது. ஒரு வாற்றுச் சக்தியைக் கோடி பங்காக்கி, அதில் ஒரு பங்கை மீண்டும் கோடி பங்காக்கினாற் கிடைப்பதிலும் அது குறைவு!

இவ்வலையின் அதிர்வெண் 1575.42 மெகாஹேட்ஸ், அலைநீளம் ஏறத்தாழ 19 சதமமீற்றர். அதனை ஏற்கும் உலோகத் தகடு அரை அலைநீளமாவது இருத்தல் வேண்டும். கைக்கருவிக்குள் அது அடங்குமா? இங்கேதான் பீங்கான் துணைபுரிகிறது. தன்னுள் நுழையும் அலையைக் குறுக்கும் இயல்பு அதற்குண்டு. ஆதலால் 25 மில்லிமீற்றர்ச் சதுர வில்லையின் மேல் வெள்ளி பூசி, கீழே உலோகத் தளம் அமைத்தால் அதுவே போதுமான அன்ரெனாவாகிறது.

செய்மதி அலை வலஞ்சுழியாகச் சுழன்று வருவது. கட்டடத்திலோ கடல்நீரிலோ பட்டுத் தெறித்தால் அது பெரும்பாலும் இடஞ்சுழியாக மாறிவிடும். வலஞ்சுழி அலையையே விரும்பி ஏற்குமாறு வில்லையை அமைத்திருப்பதால், தெறித்து வரும் பொய்ச்செய்தி பெரிதும் விலக்கப்படுகிறது.

இவ்வில்லைகள் இருவகை. "அக்டிவ்" எனப்படுவதன் அடியில் ஒரு பெருக்கி உண்டு. அதற்கு மின்சாரம் வேண்டும். "பசிவ்" எனப்படுவதற்குப் பெருக்கியும் இல்லை, மின்செலவும் இல்லை. வந்ததை வந்தவாறே ஒப்படைக்கும். நெடுங்கம்பியிற் சென்றால் அந்தச் சிறு சக்தியும் தேய்ந்துபோகுமாதலால், பசிவ் வில்லையை வாங்கியின் அருகிலேயே பொருத்துவர்.

தன்னாற் கூட்டிக்கொடுக்க இயலாத இதற்கு நாம் செய்யவேண்டிய உதவி ஒன்றே: வானத்தை மறைக்காதிருத்தல். வில்லையின் வெள்ளி முகம் மேல்நோக்கி இருக்கவேண்டும். அதன்மேற் கையை வைத்து மூடலாகாது. தகரக் கூரையின் கீழோ இரும்புப் பெட்டிக்குள்ளோ வைத்தலும் ஆகாது. உலோகம் கீழே இருப்பின் நன்று. மேலே இருப்பின் தீது. பிளாஸ்ரிக் மூடியினால் பெருந்தடை இல்லை.

இது அற்ப விடயமன்று. பாக்கு நீரிணையில் இரவில் வலைவீசும் மீனவனுக்கு, 1974ஆம் ஆண்டு உடன்படிக்கையால் வகுக்கப்பட்ட கடல் எல்லை கண்ணுக்குப் புலப்படாது. கருவி காட்டும் எண்களே அவனுக்கு எல்லைக்கல். அவை பிழைத்தால் படகை இழக்கவும் சிறைப்படவும் நேரலாம். ஆகவே, கடலுக்குச் செல்பவர் உங்கள் இல்லத்தில் இருப்பின், அவருடைய கருவி வள்ளத்தில் எங்கே வைக்கப்பட்டுள்ளது என்று இன்றே கேட்டறியுங்கள். பெட்டிக்குள் எனின், வானம் தெரியும் இடத்திற்கு அதனை மாற்றச் சொல்லுங்கள். செலவில்லாத காவல் அது.