பழைய மேசைக் கணிப்பொறியும் புதிய இயக்க முறைமையும்

2025 அக்டோபர் 14ஆம் நாளோடு விண்டோஸ் 10 இயக்க முறைமைக்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பொது ஆதரவு முடிவுற்றது. அந்நாளுக்குப் பின் அதனை இயக்கும் கணிப்பொறி நின்றுவிடுவதில்லை. பாதுகாப்புத் திருத்தங்கள் வழக்கம்போல் வந்துசேர்வது மட்டுமே நிற்கிறது. ஆயினும், இச்செய்தியைக் கேட்டவுடன் ஆய்வுக்கூடத்திலும் அலுவலகத்திலும் உள்ள பழைய பொறிகளையெல்லாம் கழிவுப் பட்டியலில் சேர்த்துவிட முற்படுவது எளிது. அது முறையா என்பதே ஈண்டு ஆராயத்தக்கது.

2017ஆம் ஆண்டின் பொது நிதி விதிகளுள் 217ஆம் விதி, கழித்துக்கட்ட வேண்டிய பொருள்களை மூவகைப்படுத்திக் கூறுகிறது: மிகையானவை, வழக்கொழிந்தவை, பயன்படாநிலை எய்தியவை. இவற்றுள் எதுவாயினும், துறைக்கு அப்பொருளால் இனிப் பயனில்லை என்று காண வேண்டும். காரணத்தையும் எழுதிவைக்க வேண்டும். ‘புதிய விண்டோஸை ஏற்கவில்லை’ என்பது அத்தகைய காரணமாகாது. வழக்கொழிந்தது மென்பொருள், பொறி பழுதுற்றதா என்பதை எவரும் இன்னும் சோதிக்கவில்லை.

2021இல் வெளியான விண்டோஸ் 11, டி.பி.எம். 2.0 என்னும் பாதுகாப்புச் சில்லையும், இன்டெல் வகையில் பெரும்பாலும் எட்டாம் தலைமுறைக்குக் குறையாத செயலியையும் வேண்டுகிறது. அதன் 2024ஆம் ஆண்டுப் பதிப்போ, சில கட்டளைகளை அறியாத செயலிகளில் தொடங்கவே மாட்டாது. 2006இல் அறிமுகமாகி நம் நாட்டு அலுவலகங்களில் ஏராளமாகப் புகுந்த கோர் 2 டுவோ செயலி அவ்வகையினது. ஆனால் அச்செயலி தேய்ந்துபோனதன்று. மேசைக் கணிப்பொறியில் தேய்பவை வேறு: சுழலும் வன்தட்டு, விசிறி, தலை உப்பிவிடும் மின்தேக்கிகள், நாணய வடிவ மின்கலம் ஆகியவை.

பழைய பொறியின் மந்தத்திற்குப் பெரும்பாலும் வன்தட்டே காரணம். நிமிடத்திற்கு 7200 முறை சுழலும் தட்டு ஒரு சுற்றுக்கு 8.3 மில்லி நொடி எடுத்துக்கொள்கிறது. வேண்டிய இடம் தலைக்குக் கீழே வர, சராசரியாக அதில் பாதி நேரம் காத்திருக்க வேண்டும். தலை நகர்வதற்கு மேலும் 8 அல்லது 9 மில்லி நொடி. ஆகவே, சிதறிக் கிடக்கும் சிறு கோப்புகளை நொடிக்கு ஏறத்தாழ 80 முறையே அதனால் எட்டிப் பிடிக்க இயலும். அசையும் உறுப்பற்ற எஸ்.எஸ்.டி. இதனை ஆயிரக்கணக்கில் செய்யும். பழைய பொறியிலுள்ள சாட்டா இணைப்பிலேயே அதைப் பொருத்திவிடலாம். பொறியின் மதிப்பைப் பார்க்குமிடத்து இதைவிடப் பயன்தரும் செலவு வேறில்லை. புதுச் செயலி வாங்கும் எண்ணம் வீண்.

நினைவகம் 4 ஜி.பி. இருப்பின், எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய திரைச் சூழலுடன் கூடிய லினக்ஸ் நன்கு இயங்கும். பாரம் உண்மையில் இயக்க முறைமையால் அன்று, இணைய உலாவியால் வருவது. ஒரே நேரத்தில் இருபது பக்கங்களைத் திறந்துவைப்பவருக்கு இப்பொறி ஏற்றதன்று. மற்றொரு செய்தியும் கவனிக்கத்தக்கது. விண்டோஸ் 7 காலத்தில் 32 பிட் பதிப்பே பல பொறிகளில் நிறுவப்பட்டிருந்தது. அதனால் பொறியையே 32 பிட் என்று பதிவேட்டில் எழுதிவைத்தவர் உண்டு. கோர் 2 டுவோ 64 பிட் செயலி. உண்மையிலேயே 32 பிட் மட்டுமே அறிந்த பழைய பென்டியம் 4 போன்றவற்றை மீட்க முயல்வது இனி உழைப்பிற்குத் தகாது. 2025 ஆகஸ்டில் வெளிவந்த டெபியன் 13 கூட அவற்றுக்கான நிறுவியைக் கைவிட்டுவிட்டது.

எதையும் அழிக்காமல் சோதித்துப் பார்க்க வழியுண்டு. லினக்ஸ் பதிப்பைப் பென் டிரைவ் ஒன்றில் எழுதி, அதிலிருந்தே பொறியைத் தொடக்கலாம். திரை, ஒலி, வலையிணைப்பு ஆகியவை இயங்குகின்றனவா என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிடும். அதற்குமுன் மின்கலத்தை மாற்றுவது நன்று. சி.ஆர். 2032 என்னும் அந்த 3 வோல்ட் மின்கலம் தீர்ந்திருப்பின் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிப் போய்விடும். தேதி தவறாயிருந்தால் பாதுகாப்பான இணையதளங்கள் திறக்க மறுக்கும். வலை பழுது என்று எண்ணி நாள் முழுதும் கேபிளைக் கழற்றி மாட்டுவோர் இதனை அறிதல் நலம்.

இனித் தடைகள். சில பழைய லேசர் அச்சுப்பொறிகளும் மின்கையொப்பச் சாவிகளும் லினக்ஸில் எளிதில் இயங்குவதில்லை. சம்பளப் பட்டியலும் கணக்கும் நடைபெறும் பொறியில் இம்முயற்சியைத் தொடங்குவது அறிவுடைமையன்று. பழைய ஆவணங்கள் ஒருங்குறி அல்லாத தமிழ் எழுத்துருக்களில் இருப்பின், அவ்வெழுத்துரு இல்லாத பொறியில் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். அவற்றை முதலில் ஒருங்குறிக்கு மாற்ற வேண்டும். மின்செலவையும் மறைத்தலாகாது. புதிய சிறு கணிப்பொறியைவிடப் பழையது 50 வாட் மிகுதியாகக் கொள்கிறது எனக் கொண்டால், நாளுக்கு 6 மணி நேரமாக 200 நாள்களுக்கு 60 யூனிட் கூடுதலாகும். பள்ளி ஆய்வுக்கூடத்திற்கு இது பொறுக்கத்தக்கது. இரவு பகலாக இயங்கும் பொறிக்கோ ஆண்டுக்கு 438 யூனிட். அங்குப் பழையது வேண்டா.

கேரளத்தின் பட்டறிவு இவ்வகையில் கருதத்தக்கது. ஐ.டி. அட் ஸ்கூல் திட்டத்தின் வழியும், 2017 முதல் கைட் நிறுவனத்தின் வழியும், அம்மாநிலப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளிலேயே கணிப்பொறிக் கல்வியை நடத்துகின்றன. பத்தாம் வகுப்பின் செய்முறைத் தேர்வும் அதிலேயே நடைபெறுகிறது. வட்டுகளை வழங்கியதோடு நில்லாமல், ஆசிரியர்களுக்குப் பயிற்சியளித்து, அவர்களையே பயிற்றுநராக்கியது அங்குப் பெரும் பணி. மற்ற இடங்களில் குறைவது இதுவே. மத்திய அரசு 2015இல் திறந்த மூல மென்பொருள் கொள்கையை வெளியிட்டது; அதற்கும் முன்னரே, 2007இல், சி-டாக் நிறுவனம் இந்திய மொழிகளுக்கு இடமளித்து பாஸ் லினக்ஸை வெளியிட்டது. கொள்கையும் உண்டு, கருவியும் உண்டு. ஆனால் இருப்புப் பதிவேட்டில் உள்ள பொறியைத் திறந்து பார்க்கும் உரிமை ஆசிரியருக்கு உண்டா என்று கேட்டால், பல இடங்களில் எவரும் விடை கூற முன்வருவதில்லை. ஒரு பொறியைக் கெடுத்துவிட்டால் பொறுப்பு தம் தலைமேல் விழும் என்ற அச்சத்தால், பத்துப் பொறிகள் துணி மூடிக் கிடக்கின்றன. கழிக்கக் கையொப்பமிடும் அதிகாரி, கழிக்குமுன் சோதித்துப் பார்க்கவும் எழுத்து மூலம் இசைவு தருவாராயின் இவ்வச்சம் நீங்கும்.

சோதனையில் தேறாதவற்றை, 2023 ஏப்ரல் 1 முதல் நடைமுறையிலுள்ள மின்னணுக் கழிவு விதிகளின்படி பதிவுபெற்ற மறுசுழற்சியாளரிடமோ புதுப்பிப்பாளரிடமோ சேர்த்தல் வேண்டும். எடைக்கு எடை விற்பவர் தெருமுனையில் கிடைப்பார். அவரிடம் போகும் வன்தட்டில் மாணவர் பெயர்களும் பயனாளிகளின் வங்கிக் கணக்கு எண்களும் இருக்கக்கூடும். கோப்புகளை நீக்குவதால் மட்டும் அவை அழிந்துவிடுவதில்லை. தட்டு முழுவதையும் ஒருமுறை மேலெழுதிய பின்னரே, அல்லது தட்டையே கழற்றி உடைத்த பின்னரே, பொறி வாயிலைக் கடக்க வேண்டும். அந்நாளையும் செய்தவர் பெயரையும் பதிவேட்டின் அதே வரியில் குறித்துவைக்கலாம்.