கடினம் இருக்கட்டும், கதவை மூட வேண்டாம்

2025 செப்டம்பர் 4 அன்று ‘ஹாலோ நைட்: சில்க்சாங்’ என்ற வீடியோ கேம் விற்பனைக்கு வந்தபோது, கூட்டம் தாங்காமல் பெரிய இணையக் கடைகளே சிறிது நேரம் திணறின. ஆஸ்திரேலியாவின் அடிலெய்டு நகரில் விரல்விட்டு எண்ணக்கூடிய சிலர் நடத்தும் டீம் செர்ரி என்ற குழுவின் படைப்பு அது. 2019-ல் அறிவிப்பு வந்ததிலிருந்து ஆறரை ஆண்டுகள் ரசிகர்கள் காத்திருந்தார்கள். விலை 20 டாலர்தான். கணினி விளையாட்டுகளை விற்கும் ஸ்டீம் தளத்தில் மட்டும் ஒரே நேரத்தில் ஐந்து லட்சத்துக்கும் அதிகமானோர் அதை விளையாடினார்கள். பெருநிறுவனங்களே பொறாமைப்படக்கூடிய வரவேற்பு இது. ஆனால் சில நாட்களிலேயே பேச்சு திசைமாறியது. விளையாட்டின் அழகைவிட அதன் கடினமே பெரிய விவாதமானது.

நாயகி ஹார்னெட்டுக்குத் தொடக்கத்தில் இருப்பது ஐந்து உயிர்முகமூடிகள். பல எதிரிகள் ஒரே அடியில் அவற்றில் இரண்டைப் பறித்துவிடுவார்கள். இடையில் காயத்தை ஆற்றிக்கொள்ளாவிட்டால் மூன்றாவது அடியில் ஆட்டம் முடிந்துவிடும். இறந்தவர் கடைசியாக உட்கார்ந்த பெஞ்சிலிருந்து கிளம்பி, வழியிலுள்ள ஆபத்துகளையெல்லாம் மீண்டும் தாண்டி, தோற்ற இடத்துக்கு வந்து சேர வேண்டும். சில பெஞ்சுகளில் உட்காருவதற்கே, ஆட்டத்தில் சேர்த்த மணிகளைக் கட்டணமாகக் கொடுக்க வேண்டும். புகார்கள் குவிந்ததும் டீம் செர்ரி ஒரு திருத்தத்தை வெளியிட்டது. தொடக்கக் கட்டத்தில் வரும் இரண்டு பாஸ்களின் (பெரிய எதிரிகளின்) கடுமை சற்றுக் குறைந்தது; இடையில் வரும் பெஞ்சுக் கட்டணங்களும் இறங்கின. அதற்கும் எதிர்ப்பு எழுந்தது. கடினம்தான் இந்த விளையாட்டின் உயிர், அதில் கை வைக்காதீர்கள் என்றது ஒரு தரப்பு. காசு கொடுத்து வாங்கியும் பாதியைக்கூடப் பார்க்க முடியவில்லையே என்றது இன்னொரு தரப்பு.

இந்தச் சண்டையில் நம் நிலைப்பாடு இதுதான்: கடினமான விளையாட்டைப் படைக்க ஒரு கலைஞருக்கு முழு உரிமை உண்டு. அந்தக் கடினத்தை விளையாடுபவர் தன் உடலுக்கும் நேரத்துக்கும் ஏற்பத் தளர்த்திக்கொள்ளும் வசதியை, தனியாக விளையாடும் ஒவ்வொரு ஆக்‌ஷன் விளையாட்டிலும், கதாபாத்திரமேற்று ஆடும் ஆர்பிஜியிலும் வைக்க வேண்டிய கடமையும் அவருக்கு உண்டு. இரண்டும் ஒன்றோடொன்று மோதுபவை அல்ல.

பெரும் முதலீட்டாளர்களின் தயவின்றிச் சிறு குழுக்கள் உருவாக்கும் இண்டி விளையாட்டுகளிடம் இந்தக் கோரிக்கையை வைப்பதற்குக் காரணம் இருக்கிறது. இன்று கேம் உலகில் புதிய கதையும் புதிய ஓவியமும் புதிய இசையும் பெரும்பாலும் இவர்களிடமிருந்தே வருகின்றன. விற்பனைக் கணக்கு ஒன்றையே பார்க்கும் இடத்தில் பிறக்க முடியாத படைப்புகள் இவை. இவ்வளவு உழைத்துச் செதுக்கிய உலகத்தில் பாதியை, விரல் வேகம் போதவில்லை என்ற ஒரே காரணத்துக்காக ஒருவர் பார்க்காமலே போவது படைப்புக்கும் இழப்புதான்.

யார் வெளியே நிற்கிறார்கள் என்பதையும் யோசிக்க வேண்டும். மூட்டுவலியால் பட்டனை வேகமாக அழுத்த முடியாதவர், கை நடுக்கம் உள்ளவர், ஒரு கையால் மட்டுமே கன்ட்ரோலரைப் பிடிப்பவர், பார்வை மங்கியவர், ஐம்பதைக் கடந்தபின் அனிச்சை வேகம் குறைந்தவர், வேலையும் குழந்தையும் போக இரவில் ஒரு மணி நேரம் மட்டும் மிஞ்சுபவர். இவர்களில் யாரும் சோம்பேறிகள் அல்லர். பழைய ஆர்பிஜிகளில் முறைவைத்துச் சண்டை போடுவார்கள். யோசிக்க நேரம் இருந்தது. கதை எல்லோருக்கும் கிடைத்தது. இன்று ஆக்‌ஷனும் ஆர்பிஜியும் கலந்துவிட்டன. அரை நொடிக்கும் குறைவான இடைவெளியில் விலகத் தெரிந்தவருக்கே அடுத்த அத்தியாயம் என்ற நிலை வந்திருக்கிறது.

தீர்வை யாரும் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. இண்டி படைப்பாளிகளே அதைச் செய்துகாட்டிவிட்டார்கள். 2018-ல் வந்த ‘செலஸ்ட்’ மலையேறும் பெண்ணின் கதை. அவளுடைய மனப்பதற்றத்தின் கதையும்கூட. ஒவ்வொரு தாவலும் கடினம். ஆனால் அதன் உதவி முறையில் ஆட்டத்தின் வேகத்தைப் பாதிவரை குறைக்கலாம், மூச்சு தீராமல் சுவரைப் பற்றலாம், சாகாத நிலையைக்கூடத் தேர்ந்தெடுக்கலாம். முதல்முறை உதவியின்றி ஆடிப்பாருங்கள் என்று பரிந்துரைத்துவிட்டு, முடிவை விளையாடுபவரிடமே விட்டுவிடுகிறார்கள். அந்த ஆண்டின் சிறந்த இண்டி விளையாட்டு விருது ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் அதற்குத்தான் கிடைத்தது. உதவி முறை அதன் மதிப்பை அணுவளவும் குறைக்கவில்லை.

சூப்பர்ஜயன்ட் கேம்ஸ் 2020-ல் முழுமையாக வெளியிட்ட ‘ஹேடீஸ்’ இன்னும் நுட்பமான வழியைக் கண்டது. பாதாள உலகிலிருந்து தப்பிக்கப் பார்க்கும் இளவரசன் சாகும்போதெல்லாம் வீட்டுக்குத் திரும்புகிறான். ஒவ்வொரு சாவும் கதையை ஓர் அடி நகர்த்துகிறது. அதில் ‘காட் மோடு’ என்ற வசதியைத் தேர்ந்தெடுத்தால், விழும் அடியின் பாதிப்பு 20 சதவீதம் குறையும். ஒவ்வொரு முறை சாகும்போதும் அந்தப் பாதுகாப்பு 2 சதவீதம் கூடி, 80 சதவீதத்தில் நின்றுவிடும். எவ்வளவு தடுமாறுகிறாரோ அவ்வளவு துணை. இந்த விளையாட்டுக்குத்தான் 2021-ல் ஹ்யூகோ விருது கிடைத்தது.

‘கிராஸ்கோட்’ என்ற ஜெர்மானிய ஆக்‌ஷன் ஆர்பிஜியில், வாங்கும் அடியின் அளவையும் எதிரி தாக்கும் இடைவெளியையும் புதிர்களின் வேகத்தையும் தனித்தனியாக மாற்றிக்கொள்ளலாம். 2022-ல் வந்த ‘டியூனிக்’ தோல்வியே இல்லாமல் ஆடும் வழியைத் தருகிறது. 2024-ல் வந்த ‘அனதர் கிராப்ஸ் டிரெஷர்’ விளையாட்டில், அமைப்புகளுக்குள் போனால் நாயகனான நண்டுக்கு ஒரு துப்பாக்கியே கிடைக்கும்; எப்பேர்ப்பட்ட எதிரியும் அதற்கு நிற்க மாட்டான். பிரான்ஸின் மோன்பெலியே நகரில் உருவான ‘கிளேர் அப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33’ முறைவைத்து ஆடும் சண்டையில் தக்க நொடியில் விலகித் தடுப்பதைச் சேர்த்தது. ஆனால் கதைக்காக ஆடுபவர்களுக்கென்று தனி நிலையையும் வைத்தது. அதே ‘தி கேம் அவார்ட்ஸ்’ மேடையில் 2025-ன் சிறந்த விளையாட்டு விருதை அதுவே வென்றது.

எதிர்வாதங்களைப் புறந்தள்ளக் கூடாது. முதலாவது, படைப்பாளியின் நோக்கம் சிதைந்துவிடும் என்பது. நோக்கத்தைக் காப்பது எளிது: படைப்பாளி விரும்பும் கடினமே இயல்பு நிலையாக இருக்கட்டும், தளர்த்த விரும்புபவர் தானாகத் தேடிப் போய்த் தளர்த்தட்டும். இரண்டாவது, பாடுபட்டு வென்ற பெருமை போய்விடும் என்பது. இது தனியாக ஆடும் விளையாட்டு. பழனி மலையில் படியேறிப் போகிறவரும் உண்டு, இழுவை ரயிலில் போகிறவரும் உண்டு. ரயிலில் போனவரால் படியேறியவரின் புண்ணியம் குறைந்ததாக யாரும் சொன்னதில்லை. பக்கத்து வீட்டுக்காரர் எளிதாக ஆடியதால் நம் வெற்றி சிறுத்துப்போவதும் இல்லை.

மூன்றாவது வாதம் வலுவானது. டீம் செர்ரியே முன்வைத்தது. ஒரு பாஸிடம் மாட்டிக்கொண்டால் வேறு திசையில் போகலாம், புதிய கருவிகளைச் சேர்த்துப் பலம் பெற்றுத் திரும்பலாம், அந்தச் சுதந்திரமே கடினத்துக்கு மாற்று என்கிறார்கள். அனுபவம் போதாதவருக்கு இது சரியான பதில். நடுங்கும் விரலுக்கு இது பதிலே அல்ல. எந்தத் திசையில் போனாலும் அங்கேயும் அதே வேகம்தான் காத்திருக்கிறது.

நான்காவது, நாலைந்து பேர் உள்ள குழுவுக்கு இது கூடுதல் சுமை என்பது. எல்லா வசதியும் மலிவானதல்ல. எழுத்தை வாசித்துச் சொல்லும் வசதி போன்றவற்றுக்கு உழைப்பும் பணமும் வேண்டும். ஆனால் அடியின் அளவு, ஆட்டத்தின் வேகம், எதிரியின் உயிர் ஆகியவை ஏற்கெனவே நிரலுக்குள் எண்களாக இருப்பவை. அவற்றைத் திரையில் ஒரு சறுக்குப்பட்டையாகக் காட்டினால் பெரும் பகுதி வேலை முடிந்தது. ‘சில்க்சாங்’ வெளியான சில நாட்களிலேயே, இரட்டை அடியை ஒற்றை அடியாக மாற்றும் மோட்களை (விளையாட்டை மாற்றியமைக்கும் நிரல்களை) ரசிகர்களே எழுதிப் பகிர்ந்தார்கள். கணினியில் ஆடுபவருக்கு மட்டும் அந்த வழி திறந்தது. கன்சோல் வாங்கியவர் வெளியே நிற்கிறார். ரசிகர் செய்ய முடிந்ததைப் படைத்தவர் செய்ய முடியாதா?

அரைமனதாகக் கொடுப்பதும் சரியல்ல. கையால் வரைந்த பழைய கார்ட்டூன் அழகால் உலகை மயக்கியது 2017-ல் வந்த ‘கப்ஹெட்’. அதில் எளிய நிலை உண்டு. ஆனால் எளிய நிலையில் பாஸ்களை வென்றால் கடைசிப் பகுதிக்குத் தேவையான ஒப்பந்தங்கள் கிடைக்காது. கதையின் முடிவைப் பார்க்க முடியாது. முழு விலை வாங்கிக்கொண்டு கடைசிப் பக்கத்தைக் கிழித்துவிட்டுப் புத்தகத்தைக் கொடுப்பதை நாம் ஏற்போமா?

பணம் சார்ந்த நியாயமும் இருக்கிறது. ஸ்டீமில் வாங்கிய 14 நாட்களுக்குள், இரண்டு மணி நேரத்துக்கும் குறைவாக ஆடியிருந்தால்தான் பணம் திரும்பக் கேட்கலாம் என்பது பொது விதி. நீண்ட விளையாட்டுகளில் தாண்ட முடியாத சுவர் பெரும்பாலும் அந்த இரண்டு மணி நேரத்துக்குப் பிறகே எதிர்ப்படுகிறது. வாங்குபவர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வழி வேண்டும். கடினத்தை மாற்றிக்கொள்ளும் வசதி உண்டா என்பதை விற்பனைப் பக்கத்திலேயே குறிப்பிட 2025 முதல் ஸ்டீம் இடமளித்திருக்கிறது. அதை நிரப்புவது படைப்பாளியின் விருப்பமாக இல்லாமல் கட்டாயமாக்கப்பட வேண்டும். மற்ற கடைகளும் இதைப் பின்பற்ற வேண்டும்.

நாம் கேட்பவை மூன்றே. தனியாக ஆடும் இத்தகைய ஒவ்வொரு விளையாட்டிலும் அடியின் அளவையும் ஆட்டத்தின் வேகத்தையும் மாற்றும் வசதி இருக்கட்டும். அதைப் பயன்படுத்துபவருக்குக் கதையிலோ முடிவிலோ எதுவும் குறைக்கப்படாமல், ஏளனச் சொல் எதுவும் காட்டப்படாமல் இருக்கட்டும். அந்த வசதி உண்டா இல்லையா என்பது விலைக்கு அருகிலேயே தெரியட்டும்.

விளையாடுபவர்களுக்கும் ஒரு வார்த்தை. கடினமான பாஸை உதவியின்றி வென்றவர் பெருமைப்படட்டும். அது உழைத்துப் பெற்ற பெருமை. உதவி கேட்பவரை ‘நன்றாக ஆடக் கற்றுக்கொள்’ என்று விரட்டுவதில் பெருமை எதுவும் இல்லை. இண்டி குழுக்கள் அடுத்த விளையாட்டைத் திட்டமிடும்போது இந்த வசதியை முதல் நாளிலேயே வரைவில் சேர்க்கட்டும். செய்ய முடியும் என்பதை அவர்களின் சக கலைஞர்கள் ஏற்கெனவே நிரூபித்துவிட்டார்கள். இனிச் செய்யாமலிருக்கக் காரணம் இல்லை.